பேய் டிரெய்லருக்கு அடுப்படியே போதும்

குறும்படம் எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், கேமரா வாடகையிலேயே கை காலியாகிவிடும். சத்தத்துக்கும் இசைக்கும் எங்கே போவது? என் மகனும் அவன் கூட்டாளிகளும் ஒன்றரை நிமிடப் பேய்ப் பட டிரெய்லர் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. உங்களுக்கும் உதவும், தோழிகளே.

1. இசை தேடப் போகும் முன் டிரெய்லரை ஒருமுறை ஊமையாக ஓட்டிப் பாருங்கள். சத்தமே இல்லாமல் வயிற்றைப் பிசைகிற இடத்துக்கு இசை வேண்டாம். சப்பென்று இருக்கிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு தேடினால் பாதி நேரம் மிச்சம்.

2. "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று பிரபலமான படத்தின் பின்னணி இசையைப் போட்டு எடிட் செய்யாதீர்கள். பத்து நாள் அதையே கேட்ட காதுக்கு அப்புறம் எதுவும் ருசிக்காது. இந்தச் சண்டையிலேயே எங்கள் வீட்டில் ஒரு வாரம் போனது.

3. யூடியூப் ஆடியோ லைப்ரரி, ஃப்ரீசவுண்ட் இரண்டிலும் காசில்லாமல் நிறையக் கிடைக்கும். உரிமத்தை மட்டும் பார்த்து எடுங்கள். 'சிசி0' என்றால் கவலையில்லை, 'பிஒய்' என்றால் செய்தவர் பெயரைப் போட வேண்டும், 'என்சி' என்றால் பணம் பார்க்கிற வேலைக்கு ஆகாது. இறக்கும்போதே அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

4. ஆளில்லாத வீட்டில் ரேடியோவில் பழைய பாட்டு ஓடினால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு உரிமை உண்டு. "பழசுதானே" என்று எடுத்துவிட முடியாது. அதற்குப் பதில் வீட்டுப் பெரியவர்கள் பாடும் நாட்டுப்புறத் தாலாட்டைப் போனில் பதிந்து, கொஞ்சம் மெதுவாக்கிச் சுருதியை இறக்குங்கள். எங்கள் டிரெய்லரைக் கேட்டுவிட்டு, பாடிய என் மாமியாரே அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை.

5. அடியில் 'உம்ம்ம்' என்று ஓடும் சத்தத்துக்குச் சுருதிப்பெட்டி போதும். பதிந்ததை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே போய், பூஜை அறை வாசனை போய், பாழடைந்த பங்களா வாசனை வந்துவிடும்.

6. ஹாலிவுட் பேய்ப் படங்களில் வழுக்கிக்கொண்டே போகும் உலோக ஓலம் கேட்டிருப்பீர்களே, அதைப் பல படங்களில் எழுப்பியது வாட்டர்போன் என்ற கருவி. அதன் சூட்சுமம் உள்ளே ஊற்றும் தண்ணீர்தான். அகலமான எவர்சில்வர் சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, விளிம்பைத் தட்டியவுடன் சட்டியைச் சாய்த்து ஆட்டுங்கள். பக்கத்துச் சொந்தம் என்று சொல்லும்படி ஒன்று கிடைக்கும்.

7. எலும்பு முறிய கேரட், முருங்கைக்காய். ஈரத்துணியில் சுற்றி முறித்தால் சதையோடு முறிகிற மாதிரி கேட்கும். பிறகு கழுவி சாம்பாரில் போட்டுவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: 1960இல் வந்த 'சைக்கோ'வில் கத்திக் குத்துக்கு முலாம்பழத்தைத்தான் குத்தினார்கள், 1973இன் 'தி எக்ஸார்சிஸ்ட்'டில் தலை திரும்பும் சத்தம் ஒரு பழைய தோல் பர்ஸை முறுக்கி எடுத்தது.

8. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். முதலில் பதிவு, பிறகு எண்ணெய்.

9. பதிவுக்கு ஸ்டூடியோ வேண்டாம். புடவை நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியோடு ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள், கையோடு வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடுவீர்கள். இந்த யுக்தி எனக்கு இரண்டு பாக்கெட் பால் திரிந்த பிறகுதான் தெரிந்தது.

10. தூக்கிவாரிப் போட வைக்க வால்யூமை ஏற்றுவது வீண் வேலை. அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் உருவி எடுங்கள். இசை, காற்று, மூச்சு எல்லாம் ஒன்றரை வினாடி நின்றால், அடுத்து விழுவது ஒரு தாம்பாளமாக இருந்தாலும் போதும். ஆனால் ஒரேயடியாக ஊமையாக்கினால் போன் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். படப்பிடிப்பு நடந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து வந்து அங்கே ஓட விடுங்கள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' முழுக்க வழக்கமான பின்னணி இசையே கிடையாது, பறவைகளின் சத்தம்தான். ஒன்றரை நிமிடத்துக்குள் இப்படி ஒரு அதிர்ச்சி போதும். எங்கள் பையன்கள் நான்கு வைத்தார்கள், மூன்றாவதிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

11. கொலுசு, ஆந்தை, நாய் ஊளை மூன்றையும் பரணில் போட்டுவிடுங்கள். சலங்கை கேட்டால் இப்போது குழந்தைகளே சிரிக்கின்றன. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள்ளிருந்து குக்கர் விசில் வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

12. கொஞ்சம் காசு இருந்தால் அதை உறுமிக் கலைஞர் ஒருவருக்குக் கொடுங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகலை அரை மணி நேரம் பதிந்துகொண்டால் அடுத்த இரண்டு படத்துக்கும் ஆகும்.

13. ஹெட்போனில் நெஞ்சை இடிக்கிற 'தும்' போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும், அடிச்சத்தம் அதில் வராது. அதே இடத்தில் மரப்பலகையைத் தட்டிய சத்தம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

14. முடிந்ததும் படத்தைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் கூடத்தில் ஓட விடுங்கள். அடுப்படியில் இருப்பவர் தாளிப்பைப் பாதியில் விட்டு எட்டிப் பார்த்தால், உடனே சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிடுங்கள்.