எக்ஸ்பர் கட்டளை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

யூனிக்ஸ், லினக்ஸ் முனையத்தில் கணக்குப் போட்டு விடை சொல்லும் சிறு கட்டளை எக்ஸ்பர். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. அதைப் பற்றிய தவறான எண்ணங்களில் பல ஓர் உண்மையை மறப்பதால் பிறப்பவை: தட்டச்சு செய்த வரியை முதலில் படிப்பது எக்ஸ்பர் அல்ல, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்.

இடைவெளி அழகுக்காக விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்பர் 2 + 3 என்றால் 5 வரும். எக்ஸ்பர் 2+3 என்று ஒட்டி எழுதினால் 2+3 என்றே திரும்ப வரும். இடைவெளியை வைத்துத்தான் ஷெல் வரியைத் துண்டாக்கிக் கொடுக்கிறது. ஒரே துண்டாக வந்ததற்குள் கூட்டல் இருக்கிறதா என்று எக்ஸ்பர் பார்ப்பதில்லை.

பெருக்கல் அதற்கு வராது என்பதும் தவறு. * குறியை ஷெல் அந்த அடைவிலுள்ள கோப்புப் பெயர்களாக விரித்துவிடுவதால்தான் பிழை வருகிறது. '*' என மேற்கோளுக்குள் இட்டால் போதும். > குறி இதைவிட ஆபத்தானது, ஏனெனில் பிழைச் செய்தியே வராது. எக்ஸ்பர் 10 > 9 என்ற வரி எதையும் ஒப்பிடாமல், 9 என்ற பெயரில் கோப்பு உண்டாக்கி அதில் 10 என எழுதிவிடும். அப்பெயரில் முன்பே கோப்பு இருந்தால் அதிலிருந்தது போய்விடும்.

அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது முடிவுநிலை எண், அதாவது கட்டளை முடியும்போது ஷெல்லுக்குத் திருப்பித் தரும் எண். வேலை ஒழுங்காக முடிந்தால் அது 0 என்பது யூனிக்ஸ் வழக்கம். எக்ஸ்பரிலோ விடை 0 ஆகவோ வெற்றாகவோ இருந்தால் 1. கோவையே தவறென்றால் 2. எனவே 5 - 5 என்பதைச் சரியாகக் கணக்கிட்டு 0 என்று அச்சிட்ட பிறகும் 1 என்ற எண்ணோடுதான் அது வெளியேறும். பிழை கண்டதும் நிற்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட் அங்கேயே சத்தமில்லாமல் நின்றுவிடும். இது கோளாறு அல்ல. ஒப்பீட்டின் விடையை இஃப் கூற்றில் நேரே பயன்படுத்த முடிவதும் இதனால்தான்.

'அல்லது' என்ற பொருளில் வரும் '|' குறி 1 அல்லது 0 மட்டுமே தரும் என்பதும் சரியல்ல. 7 '|' 4 என்றால் 7. முதல் மதிப்பு 0 ஆகவோ வெற்றாகவோ இருந்தால்தான் இரண்டாவதைப் பார்க்கும். வகுத்தல் முழு எண்ணோடு நின்றுவிடும்: 7 / 2 என்பது 3, -7 / 2 என்பது -3. பதின்மம் வேண்டுவோருக்கு பிசி கட்டளை உண்டு.

ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் $(( )) அமைப்பு வேகமானது, புதிய ஸ்கிரிப்டுகளுக்கு ஏற்றதும் அதுவே. ஆனால் பழைய வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மாற்றக் கூடாது. பேஷ் ஷெல்லில் $((010 + 1)) என்பது 9, ஏனெனில் முன்னால் 0 வந்தால் அது எண்மமுறை எண். எக்ஸ்பர் 010 + 1 என்பதற்கு விடை 11.