நீர்மூழ்கி மாதிரிக்குப் பிள்ளைகளைப் பழக்க

எடுத்ததுமே ரேடியோ கன்ட்ரோல் கப்பலைக் காட்டாதீர்கள். விலையைக் கேட்டதும் பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள். துளையில்லாத பேனா மூடியின் வாய் விளிம்பில் களிமண் ஒட்டி, நீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் மிதக்கவிட்டு இறுக மூடுங்கள். பாட்டிலை அழுத்தினால் மூடிக்குள் காற்று சுருங்கும், தண்ணீர் ஏறும், மூடி அடிக்குப் போகும். விட்டால் மேலே வரும். களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடையைச் சரிசெய்யும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். ஆர்வம் பிடிப்பது அங்கேதான்.

அடுத்தது, ஓட்டை போட்டு எடை கட்டிய டப்பா. உள்ளே பலூன், அதிலிருந்து குழாய் வழியே வெளியே பெரிய சிரிஞ்சு. காற்றைத் தள்ளினால் எழும், இழுத்தால் மூழ்கும்.

மோட்டார் பொருத்தும்போது, இயல்பாகவே மிதந்து, ஓடும்போது மட்டும் பக்கத் துடுப்புகளால் மூழ்கும் வகையே புதியவர்களுக்கு நல்லது. மோட்டார் நின்றால் தானே மேலே வந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் அலை தண்ணீருக்குள் எடுபடாது. 27, 40 மெகாஹெர்ட்ஸ் நன்னீரில் எட்டும், கடல்நீரில் எட்டாது.

உங்கள் கப்பலின் ரிமோட்டையும் சிறிது நேரம் பிள்ளைகள் கையில் கொடுங்கள். குளத்தருகே பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.