ஓய்வுப் பணத்தில் கூடுதலாக வெட்டிய வரியை மீட்க

கம்போங் ராஜா தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெறுவோரின் ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு வருமான வரி இல்லை. சிக்கல் முதலாளி கொடுக்கும் பணிக்கொடையில்தான். மொத்தமாகக் கை நிறைய வரும் அந்த மாதத்தில் பி.சி.பி. எனும் மாதாந்திர வரிப் பிடித்தமும் எகிறிவிடும்.

55 வயதைத் தொட்டு, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 10 ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவரின் பணிக்கொடைக்கு முழு விலக்கு உண்டு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குக் கணக்கு வேறு: முழுமையான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் விலக்கு. 18 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்த கிராணிக்கு 1,80,000 ரிங்கிட் வரை வரி கிடையாது. அந்த 7 மாதம் கணக்கில் சேராது.

முதலாளி தரும் வருமான விவரமான இ.ஏ. பாரம் கைக்கு வந்ததும் விலக்குத் தொகை வரிக்குரிய வருமானத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலந்திருந்தால் தோட்ட அலுவலகத்தில் திருத்தம் கேட்கலாம். சம்பளக்காரர்கள் மைடேக்ஸ் இணையதளம் வழி இ-பி.இ. எனும் வருமான வரிப் பாரத்தை ஏப்ரல் 30-க்குள் அனுப்ப வேண்டும். பிடித்த வரி அதிகமென்றால் மிச்சம் வங்கிக் கணக்கில் விழும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பணம் வந்து சேராது. சேவைக் காலத்தைக் காட்டும் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துவது நல்லது. உள்நாட்டு வருமான வரி வாரியம் பிறகு கேட்கலாம்.

பாரம் அனுப்பி, வரியும் கட்டிய பிறகு தவறு தெரிந்தால்? மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் வருமான வரிச் சட்டத்தின் 131-ஆவது பிரிவின் கீழ் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம்.

‘வரிப்பணம் திரும்ப வருகிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிட வேண்டியதுதான்.