அணையாத 'செக்யூரிட்டி' விளக்கு

கேள்வி: அமெரிக்காவில் 2002 செவர்லே மாலிபு வைத்திருக்கிறேன். 'செக்யூரிட்டி' விளக்கு எரிகிறது. சில நாள் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. புதுச் சாவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தக் காரின் 'பாஸ்லாக்' அமைப்பில் சாவி வெறும் உலோகம்தான்; சிப் எதுவும் கிடையாது. சாவியைத் திருப்பும்போது இக்னிஷன் பூட்டிலுள்ள சென்சார் அனுப்பும் மின் அளவை, காரின் கணினி தன் நினைவிலுள்ள அளவோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். உங்கள் இன்ஜின் அணைவது அதனால்தான். சென்சார் தேய்ந்தாலோ, மெல்லிய வயர் நைந்தாலோ நிஜச் சாவியும் கள்ளச்சாவி ஆகிவிடும்.

எனவே முதலில் அளவை மறுபடி பதியவையுங்கள். ஸ்டார்ட் செய்ய முயன்று, இன்ஜின் அணைந்ததும் சாவியை 'ஆன்' நிலையிலேயே விடுங்கள். சுமார் 10 நிமிடத்தில் விளக்கு அணையும். சாவியை 'ஆஃப்' செய்து, இதையே மொத்தம் 3 முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் இக்னிஷன் 'ஆன்' நிலையில் இருப்பதால் பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும்.

பழைய காரை யார் திருடப்போகிறார்கள், சென்சார் வயரை வெட்டி, அதற்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் பாதுகாப்பு போய்விடும். அரைகுறை இணைப்பு நடுவழியில் அதே தொல்லையைத் தரும். பதியவைத்த பிறகும் கோளாறு திரும்பினால், பூட்டின் சென்சாருக்கும் வயருக்கும் செலவு செய்யுங்கள்.