பாதியில் நின்ற புல்லட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலவாக்கம் பக்கத்துப் பம்புசெட் கொட்டகை, சாக்கு மூட்டையில் எஞ்சின், சுவரில் சாய்த்த சேசிஸ், புதுப் பெயின்ட் மின்னும் டாங்க். "பாதி வேலை முடிஞ்ச வண்டி மாமா, மீதியை நான் பார்த்துக்குவேன்" என்கிறாய். எந்தப் பாதி முடிந்திருக்கிறது என்று கேட்டாயா? டாங்குக்குப் பெயின்ட் அடிப்பதும் ஹேண்டில்பார் மாற்றுவதும் சுலபமான பாதி. அதை முடித்துவிட்டு எஞ்சினைச் சாக்கில் கட்டிப் போட்டவர் ஏன் நிறுத்தினார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

காசு தீர்ந்திருக்கலாம், துபாய்க்கு விசா வந்திருக்கலாம், வீட்டில் கல்யாணச் செலவு வந்திருக்கலாம். அப்படியென்றால் வாங்கு, விலையும் படியும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பேப்பரைத் திருப்பி அனுப்பியதாலோ, சேசிஸை அறுத்துப் பற்றவைத்த பிறகு வண்டி நேராக ஓடாததாலோ நின்றிருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இந்தக் காரணம் விற்பவர் வாயிலிருந்து வராது. அவருக்கு வேலை செய்த வெல்டிங் பட்டறையில் ஒரு டீ வாங்கிக் கொடு, வரும்.

முதலில் ஆர்.சி. புக். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் துடைத்து, சாக்பீஸ் தேய்த்துப் படம் எடு. புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார். நம்பரைச் சுற்றி கிரைண்டர் ஓடிய தடம் இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடு. நம் பக்கம் பழைய வண்டிகள் பெரும்பாலும் காலமான அப்பா பேரிலோ தாத்தா பேரிலோதான் கிடக்கும். மகன் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. இறப்புச் சான்று, தாலுக்கா ஆபீஸ் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், 31-ஆம் படிவம் என்று எல்லாம் வேண்டும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் 29, 30 படிவங்கள். புதுச்சேரி வண்டியாக இருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று. பழைய நம்பர்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. செயலியில் காட்டவில்லை என்பதாலேயே திருட்டு வண்டி என்று நினைத்துவிடாதே. ஆனால் ஏற்றிக் கொடுக்கும் அலைச்சல் விற்பவருடையது. பதிவு முதலில் 15 வருஷத்துக்கு, அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன கட்டணம், அபராதம், பசுமை வரி எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழி.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பாய். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் போடக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். அந்த ஊர்க்காரனான நீ, "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்பவரிடம் பணத்தை நீட்டலாமா?

அடுத்து சேசிஸ். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினோடு முடிந்துவிடும். அங்கிருந்து பாரம் தாங்குவது எஞ்சின்தான். அதைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை அறுத்துப் பற்றவைத்தால் சூட்டில் சேசிஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பிடிபடாது. சக்கரம் இரண்டையும் மாட்டி நேராக நிறுத்தி, பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல நூல் பிடித்து முன்சக்கரம் வரை இழு. இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கி வைத்தால் போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால்தான் போகும் என்றால் அந்த சேசிஸ் காயலான் கடைக்குத்தான். கைப்பிடிக் கழுத்தில் வெல்டிங் தடம் தெரிந்தால் நூல்கூடப் பிடிக்க வேண்டாம். சேசிஸ் நம்பர் இருக்கும் இடமும் அதுதான், உயிர் தொங்கும் இடமும் அதுதான்.

எஞ்சினைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் அது. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் ரீபோர் போடலாம். பார்க்க வேண்டியது கீழ்ப்பாதியை. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், மேலும் கீழும் 'டக்' என்றால் பிக் எண்ட் போச்சு, செலவு இருக்கிறது. கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகவே வார்த்துக் கடைந்தவைதானா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல். இரண்டு எஞ்சினிலிருந்து எடுத்த பாதிகளைச் சேர்த்தால் பேரிங் ஒரே கோட்டில் உட்காராது. சில்லறைச் சாமான் குறைந்தால் கவலையில்லை, புதுப்பேட்டையில் தேடலாம். இதே மூட்டை ராஜ்தூத் 350 ஆக இருந்திருந்தால் சாமான் விஷயத்தில் இவ்வளவு தைரியமாக எழுத மாட்டேன்.

இனி, வண்டியை எப்படி மாற்றப்போகிறாய் என்று நீ வரைந்து அனுப்பிய ஓவியத்துக்கு வருகிறேன். முன் ஃபோர்க்கை நீட்டி, பின்னால் தடித்த டயர் போட்டு வரைந்திருக்கிறாய். அறுபதுகளில் லண்டன் பையன்கள் ட்ரையம்ப் எஞ்சினை நார்ட்டன் சேசிஸில் ஏற்றி 'ட்ரைட்டன்' என்று ஓட்டினார்கள். இங்கே அது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. வின்டேஜ் பதிவு எண் வாங்கிவிடலாம் என்கிறாயே, 2021-இல் வந்த அந்த விதிக்கு முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், அதுவும் தினசரி ஓட்டுவதற்கு இல்லை. இந்த வண்டி 1978 என்கிறார் விற்பவர். 2028 வரை காத்திருந்தாலும், சேசிஸை அறுத்திருந்தால் அந்தக் கதவு மூடியதுதான்.

சேசிஸையும் ஃபோர்க்கையும் கம்பெனி செய்தபடி விட்டுவிடு. ஒற்றை சீட், சின்ன மட்கார்டு, தாழ்ந்த ஹேண்டில்பார் போதும். நிறம் மாற்றினால் புக்கில் பதிந்துகொள். உன் ஓவியத்தை விட இதுதான் அழகு என்பது என் கட்சி. நீட்டிய ஃபோர்க்கை வைத்துக்கொண்டு ஏரிக்கரை வளைவில் எப்படித் திரும்புவாய்?

ஞாயிற்றுக்கிழமை போய் அந்தச் சாக்கை ஒரு தார்ப்பாயில் கொட்டி, ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து அனுப்பு. இரண்டு நம்பரும், ஆர்.சி. புக்கின் எல்லாப் பக்கமும் தெளிவாக வேண்டும். பார்த்துவிட்டு நான் சொல்கிற வரை அட்வான்ஸ் கொடுக்காதே, அக்காவிடம் நகைக்கடன் பேச்சையும் எடுக்காதே.

அன்புடன்,
மாமா