‘இன்’ இருந்தாலும் தீப்பிடிக்கும்!

பெயின்ட் தின்னர், சென்ட் ஸ்பிரே வாங்கும்போது சிலவற்றில் ‘ஃபிளேமபிள்’ என்றும், சிலவற்றில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றும் போட்டிருக்கும்.

1. இரண்டையுமே அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் வைக்காதீர்கள். ‘இன்கரெக்ட்’ என்றால் ‘சரியில்லை’ என்பதுபோல் ‘இன்ஃபிளேமபிள்’ என்பதையும் ‘தீப்பிடிக்காது’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆபத்தே அங்குதான். இரண்டுக்கும் ‘சட்டென்று தீப்பிடிக்கும்’ என்றே பொருள்.

2. ‘நான்-ஃபிளேமபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். தீப்பிடிக்காதது அதுதான்.

3. எழுத்து குழப்பினால், சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் படத்தைத் தேடுங்கள். எந்த நாட்டுச் சரக்கானாலும் பெரும்பாலும் இதே படம்தான்.

4. மிச்சத் தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கவே வேண்டாம். எச்சரிக்கை பழைய டப்பாவோடு போய்விடும். பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள்.