வெளிவர மறுத்த தாங்கி

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் நகரப் பேருந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலையில் நின்று, திருவானைக்காவைத் தொட்டுத் திருவரங்கத்தை அடைகின்றது. தொலைவு சிறிது, நிறுத்தங்களோ பல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரின் இடக்கால் ஒரு மிதியை அழுத்துவதையும், பின்னர் அதனை மெல்ல மெல்ல விடுவதையும் முன்னிருக்கையில் அமர்ந்தோர் காணலாம். மிதியை அழுத்தியவுடன் பொறியின் சுழற்சி சக்கரங்களுக்குச் செல்லாது தடைப்படுகின்றது. விட்டவுடன் மீண்டும் சென்று சேர்கின்றது. பொறி நிற்காமலே வண்டி நிற்பதற்கும், நின்ற வண்டி அதிர்ச்சியின்றிப் புறப்படுவதற்கும் காரணமாகிய இவ்வமைப்பே கிளச்சு எனப்படும்.

பொறியின் சுழல்தண்டினது பின்முனையில் கனத்த சக்கரம் ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். பிளைவீல் என்பது அதன் பெயர். அதன் முகத்தை ஒட்டி உராய்வுப் பரப்புடைய தட்டு ஒன்று நிற்கும். விற்சுருள்களின் வலிமையால் மற்றொரு தட்டு இதனைப் பிளைவீலோடு சேர்த்து நெருக்கும். நடுவிலுள்ள உராய்வுத் தட்டு கியர் பெட்டியிலிருந்து நீண்டுவரும் தண்டின்மேல் பொருந்தியிருத்தலின், நெருக்கம் உள்ளவரை பொறியும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சுழலும். நெருக்கம் தளர்ந்தால் இரண்டும் பிரியும்.

கியர் பெட்டித் தண்டின் நுனி எங்கே நிற்கின்றது என்று கேட்கலாம். பல வண்டிகளில், சுழல்தண்டின் பின்முனையில் குடையப்பட்ட பள்ளத்தில் சிறிய தாங்கி ஒன்று இறுக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனைப் 'பைலட் பேரிங்' என்பர். நுனி இதனுள் நுழைந்து நிற்கும். மிதி விடப்பட்டிருக்கும்போது இரு தண்டுகளும் ஒரே வேகத்தில் சுழல்வதால் இத்தாங்கிக்கு வேலையில்லை. மிதியை அழுத்தியபோதுதான் ஒன்று சுழல, மற்றொன்று பின்தங்க, இடையே இது தன் தொழிலைத் தொடங்குகின்றது. ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் காவற்காரனைப் போன்றது இது. ஆதலின் இது தேய்ந்துபோனால், மிதியை அழுத்தும் வேளையிலேயே கீச்சென்ற ஒலி எழும்.

திருவரங்கத்தில் ஒருவர், வீட்டுக் கொல்லையில் கொட்டகை இட்டு, பழைய பொறி ஒன்றை விலைக்கு வாங்கி, தம் கையாலேயே கார் ஒன்றைக் கட்ட முனைகின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தகைய ஆர்வம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கினார். வாங்கியபின் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். அவரே 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார் என்பதை நோக்கும்போது, அக்கழற்றலும் பூட்டலும் வீண் பொழுதுபோக்காக அமையவில்லை என்பது விளங்கும்.

கொல்லையில் கார் கட்டுபவர் பழைய பொறியிலிருந்து தேய்ந்த தாங்கியை அகற்ற வேண்டும். பிளைவீல் எளிதில் கழலும், தாங்கியோ கழலாது. பன்னாள் துருவும் வெப்பமும் அதனைப் பள்ளத்தோடு ஒன்றாக்கியிருக்கும். திருகாணி இல்லை, பிடித்து இழுக்க விளிம்பும் இல்லை. பின்புறத்திலிருந்து தள்ளலாம் என்றால், பள்ளத்தின் அடி மூடியிருக்கின்றது. கொக்கிக் கருவியால் இழுப்பதும் உண்டு. அதற்கும் இணங்காதபோது உள்வளையம் மட்டும் பிய்ந்து கையோடு வர, வெளிவளையம் பள்ளத்திலேயே தங்கிவிடும். பொறுமை இழந்தவர் அடுத்து எடுப்பது உளி. உளி வழுக்கிப் பள்ளத்தின் சுவரைக் கீறிவிட்டால், புதிய தாங்கி அங்கே நேராக அமராது. கியர் பெட்டித் தண்டும் ஆட்டம் காணும். சுழல்தண்டையே மாற்றுவதாயின் பொறி முழுவதையும் பிரிக்க வேண்டும். சில ரூபாய் விலையுள்ள தாங்கியின் பொருட்டுப் பொறியையே இழக்கும் நிலை அது.

பட்டறைத் தொழிலாளர் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்வர். தாங்கியின் நடுத்துளை வழியே உள்ளே இருக்கும் வெற்றிடம் முழுவதையும் கிரீஸால் நிரப்புவர். துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கோல் ஒன்றை அதில் நுழைத்துச் சுத்தியலால் அடிப்பர். கோல் உள்ளே போகின்றது. தாங்கியோ வெளியே வருகின்றது! உள்ளே அடித்தால் வெளியே வருவது முதன்முறை காண்போர்க்கு வேடிக்கையாகவே தோன்றும். ஓரடியில் அது முழுதும் வந்துவிடாது. கோலை எடுத்து, மீண்டும் கிரீஸ் நிரப்பி, மீண்டும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவேனும் அது நகரும்.

இதன் காரணத்தைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது அவர் கண்ட விதி. கிரீஸும் இங்குத் திரவத்தைப் போன்றே நடந்துகொள்கின்றது. உள்துளை 15 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டரும் உள்ள தாங்கியை எடுத்துக்கொள்ளலாம். கோலின் முனைப்பரப்பு ஏறத்தாழ 177 சதுர மில்லிமீட்டர். தாங்கி வளையத்தின் பின்பரப்பு ஏறத்தாழ 785 சதுர மில்லிமீட்டர். பின்பரப்பு முழுவதிலும் கிரீஸ் பட்டால், கோலின்மேல் விழும் விசை தாங்கியின்மேல் நான்கு மடங்கிற்கும் மேலாகப் பெருகிச் சேரும். அதுவும் ஒரு பக்கமாக அன்றி வளையம் சுற்றிலும் ஒரே சீராகச் சேரும். கொக்கியால் பெறமுடியாதது இதுவே.

காற்றுக் குமிழி உள்ளே தங்கினால் இவ்வளவும் கெடும். காற்று சுருங்கக்கூடியது, அடியின் வேகத்தைத் தானே விழுங்கிவிடும். ஆதலின் கிரீஸை இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும். உள்வளையமும் குண்டுகளும் முன்பே உடைந்துபோயிருந்தால் கிரீஸ் அவ்வழியே பிதுங்கி ஓடிவிடும். கொக்கியும் உளியும் தோற்றபின் கிரீஸை நாடுவோர் ஏமாறுவது இதனாலேயாம். தாங்கி உடையாதிருக்கும்போதே இதனைச் செய்துபார்த்தல் வேண்டும். கிரீஸ் ஒழுகும் தாங்கிக்கு நனைந்த காகிதத்தைக் கசக்கித் திணிப்பாரும் உளர்.

திருவரங்கத்தார்க்கு இக்கருத்து அயலானதன்று. பெருந்தேர் நிலைவிட்டுப் பெயர்வதற்கு முன்னே வடம் இழுப்போர் மட்டும் போதார். சக்கரத்தின் பின்னே கட்டையிட்டு நெம்புவோரும் வேண்டும். தேருக்கும் பாஸ்கல் விதிக்கும் நேரான தொடர்பும் ஒன்றுண்டு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும், திரவ அழுத்தத்தால் இயங்கும் தடைகளையும் அமைத்துத் தந்தனர். மலைபோல் அசைந்துவரும் அத்தேரைத் தெருமுனையில் நிறுத்துவதும், கொல்லையில் துருப்பிடித்த தாங்கியை வெளித்தள்ளுவதும் ஒரே விதியின் செயல்கள்.

இப்பணியில் கண்ணைக் காத்தல் இன்றியமையாதது. அடி விழும்போது கிரீஸ் பீறிட்டுத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் குனிந்து நிற்கலாகாது. பழைய கிளச்சுத் தட்டின் பொடியை வாயால் ஊதுவதும் கூடாது. முற்காலத் தட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்பொடி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

தாங்கி வெளிவந்தபின் பள்ளத்திலுள்ள கிரீஸ் அனைத்தையும் வழித்தெடுத்துத் துடைக்க வேண்டும். அது பிளைவீலின் முகத்திலோ தட்டிலோ படுமாயின் கிளச்சு வழுக்கும். புதிய தாங்கியை வைத்து, அதன் வெளிவளையத்தில் மட்டும் படுமாறு ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, மெல்லத் தட்டி இறக்குவர். அடி உள்வளையத்தில் விழுந்தால் குண்டுகள் பழுதுறும். தாங்கி பள்ளத்தின் அடியைத் தொட்டவுடன் சுத்தியலின் ஒலி மாறிக் கேட்கும். அத்துடன் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பிளைவீலைப் பூட்டத் தொடங்குவர்.